துண்டின் எடை

அத்தியாயம் 17

வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்கு அந்தச் சமையலறையில் இருந்தவர்கள் மூவர்.

அண்ணி ஜன்னலை ஒட்டிய முக்காலியில், மடியில் நோட்டுப் புத்தகமும் வாயில் பேனா மூடியுமாக. அவளுடைய நாத்தனார் சின்னவள் எதிர்ச் சுவரோரம், கவிழ்த்த வாளியின் மேல், ஆறிப்போன டீயோடு. மூன்றாவது ஆள் மேஜையின் நடுவில். எடைத் தராசின் மேல் ஓர் எவர்சில்வர் கிண்ணம், கிண்ணத்துக்குள் பச்சைத் துண்டு, துண்டுக்குள்ளிருந்து மூக்கும் ஒரு காதும் மட்டும் வெளியே. பெயர் விசில். இனம் கினிப்பன்றி. வயது நான்கு.

நாற்காலி ஒன்றும் அங்கே இருந்தது. அது அண்ணனுடையது. அண்ணன் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் பத்து மாதம் அந்த நாற்காலியில் பழைய செய்தித்தாள்தான் உட்கார்ந்திருக்கும்.

யாரும் யாரோடும் பேசவில்லை. விசில்கூட.

விசில் பேசாததுதான் அண்ணிக்குத் தாங்கவில்லை. மாலை நாலு இருபதுக்கு அவள் சாவியைக் கதவில் நுழைத்ததும், கூண்டுக்குள்ளிருந்து 'வீக், வீக்' என்று ஒரு கூப்பாடு கிளம்பும். தெருமுனை வரை கேட்கும். அந்த நேரத்தில் சின்னவள் வேலையில் இருப்பாள். ஆகவே அந்த வீட்டில் அண்ணி வந்ததைக் கவனித்த ஒரே ஜீவன் அது. உருண்டை செத்த நாளிலிருந்து அந்தக் கூப்பாடு இல்லை. சாப்பாடும் இல்லை. இதுவும் போய்விட்டால், சாவி திரும்பும் சத்தத்தைத் தவிர நாலு இருபதுக்கு வேறு சத்தமே இருக்காது.

உருண்டை, விசிலின் ஜோடி. அது போன கதையைப் போன வாரமே சொல்லியாயிற்று. மிச்சம் இருப்பது இவ்வளவுதான்: போன வாரம் புதன்கிழமை மதியம் அது செத்தபோது வீட்டில் சின்னவள் மட்டும் இருந்தாள், அன்று அவளுக்கு வார லீவு. அண்ணி வரும்வரை காத்திருக்காமல் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டாள். அண்ணி வந்து பார்த்தது, கழுவிச் சாய்த்து வைத்த மண்வெட்டியை மட்டுமே.

"எனக்காக ரெண்டு மணி நேரம் பொறுக்க முடியலையா உனக்கு?"

"வெயில் அடிக்குது அண்ணி."

அதுதான் இருவரும் கடைசியாகப் பேசியது. இன்றோடு ஒன்பது நாள்.

அதற்காக வேலை நிற்குமா? விசிலுக்கு ஊட்ட வேண்டும், மருந்து கொடுக்க வேண்டும், எடை பார்க்க வேண்டும். அண்ணி வேலைக்குக் கிளம்புவது காலை ஏழேகாலுக்கு. சின்னவளுக்கு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் மதியம் இரண்டிலிருந்து இரவு பத்து வரை ஷிஃப்ட். ஆகவே கூண்டின் மேல் ஒரு நோட்டுப் புத்தகம் வந்தது. பேச வேண்டியதெல்லாம் அதில்.

'குறிப்பு: சிரிஞ்ச் கழுவப்படவில்லை.'

'மறுப்பு: கழுவப்பட்டது. இரண்டு முறை.'

'காலை வேளை: புல்மாவுக் கரைசல், சிரிஞ்ச் 3. மூன்றாவதைத் துப்பியது.'

'பார்த்தேன்.'

தராசில் 908 என்று வந்தது. நடுங்குகிற பிராணியைத் துண்டிலிருந்து உரிக்க முடியாது. வெறும் கிண்ணத்தை வைத்துத் தராசைப் பூஜ்யமாக்கிவிட்டு, துண்டோடு நிறுத்து, துண்டின் எடையைக் கழித்துக்கொள்வது அண்ணியின் முறை. நூல் கிடங்கில் அவள் வேலையே அதுதான்: தட்டோடு நிறுத்து, தட்டைக் கழி, நூலை எழுது. பதினெட்டு வருஷப் பழக்கம். துண்டு 96. கழித்தால் 812.

நோட்டில் மேலே இருந்ததைப் பார்த்தாள். திங்கள் 806. செவ்வாய் 864. புதன் 846. வியாழன் 828. இன்று 812. இறங்குகிறதுதான். ஆனாலும் திங்கட்கிழமைக்கு மேலேதான் நிற்கிறது. செவ்வாய்க்கிழமை ஒரே நாளில் 58 கிராம் கூடியதைப் பார்த்து அவள் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தாள். அதன் கீழே: 'நாற்பதுக்கு மேல் கூடினால் மதிய வேளையை நிறுத்தலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இன்று முதல் மதிய வேளை நிறுத்தம்.' அதற்குக் கீழே சின்னவளின் எழுத்தில்: 'சரி.'

டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். 750க்குக் கீழே போனால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

அண்ணி 812 என்று எழுதினாள், பேனாவை மூடினாள், பையை எடுத்தாள். வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். சின்னவள் துண்டோடு சேர்த்து விசிலைக் கூண்டுக்குள் இறக்கிக்கொண்டிருந்தாள்.

கதவு சாத்திக்கொண்டது.

*

பதினொன்றரை மணிக்குச் சின்னவள் கூண்டைச் சுத்தம் செய்தாள்.

காலையில் வைத்த புல் அப்படியே கிடந்தது. தண்ணீர் குறையவில்லை. நேற்றிலிருந்து எண்ணியதில் புழுக்கை நாலே நாலு, அதுவும் காய்ந்து சுருங்கி. விசில் மூலையில் முதுகைக் குவித்து உட்கார்ந்திருந்தது. உருண்டை படுக்கும் மூலை அது.

"என்னடா, நீயும் என்கூடப் பேச மாட்டியா?"

தூக்கி மடியில் வைத்துக்கொண்டு முதுகைத் தடவினாள். தடவிய கை நின்றது.

விரலுக்கு அடியில் எலும்பு. ஒன்று, இரண்டு என்று எண்ணலாம் போல இருந்தது. போன வாரம் இப்படி இல்லையே.

சின்னவளுக்குப் படிப்பு அதிகமில்லை. ஆனால் இருபது வருஷமாக ஆஸ்பத்திரித் துணி மூட்டைகளைத் தூக்கி மிஷினில் போட்ட கை அது. முப்பது கிலோ மூட்டையில் ஒரு போர்வை குறைந்தால் அந்தக் கைக்குத் தெரியும். நோட்டில் 812 என்றிருந்தது. கை, 'இல்லை' என்றது.

'நோட்டு பொய் சொல்லுமா? அண்ணி கணக்குத் தப்பாதே.'

துண்டைப் பிரித்து உதறினாள். அப்போதுதான் உறைத்தது. இது செவ்வாய்க்கிழமை விடியுமுன் தான் மாற்றிய துண்டு. திங்கட்கிழமை ராத்திரி அது நடுங்கியதைப் பார்த்து, பழைய மெல்லிசுத் துண்டை எடுத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் வேண்டாமென்று ஒதுக்கி, முன்பே வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தவற்றிலிருந்து கனமானதாக ஒன்றை எடுத்து வைத்திருந்தாள். அதே பச்சை, அதே அளவு, மடித்து வைத்தால் வித்தியாசமே தெரியாது.

துண்டைத் தராசில் போட்டாள்.

170.

*

நூல் கிடங்கில் அண்ணிக்குத் தராசக்கா என்று பெயர். சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. லாரி எதுவும் நிற்கவில்லை. அவள் மேஜை இழுப்பறையிலிருந்து பாதி எழுதிய கடிதத்தை எடுத்தாள்.

கணவர் போன கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தார். கம்பெனியில் ஒப்பந்தத்தை இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கச் சொல்கிறார்கள், உனக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படிச் செய்கிறேன் என்று. பதில் இன்று மாலை ஆறு மணிக்குள் கப்பல் கம்பெனி ஆபீசில் சேர வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் அங்கே கடிதப் பையைக் கட்டி அடுத்த துறைமுகத்துக்கு அனுப்புவார்கள்.

இதுவரை எழுதியது: 'இங்கே எல்லாரும் சௌக்கியம். சின்னு நன்றாக இருக்கிறாள். விசில் தேறி வருகிறது, ஒரே நாளில் 58 கிராம் கூடியது. இங்கே ஒரு குறையும் இல்லை. ஒப்பந்த விஷயம் உங்கள் இஷ்டம் போல்.'

இனி 'இப்படிக்கு' போட வேண்டியதுதான்.

"தராசக்கா! ஃபோன்! உங்க வீட்லேர்ந்து!" சுமை இறக்குபவர் வாசலிலிருந்து கத்தினார்.

"எங்க வீட்ல பேசுறவங்க யாரும் இல்லையேண்ணே."

"அப்ப பேசாதவங்கதான் பேசுறாங்க போல. சீக்கிரம் வாங்க, குரலே சரியில்ல."

அண்ணி ரிசீவரை எடுத்தாள்.

"அண்ணி."

"ம். சொல்லு."

"துண்டுக்கு எவ்வளவு கழிக்கிறீங்க?"

"என்னது?"

"துண்டு, துண்டு! காலைல எடை போட்டுட்டுக் கழிக்கிறீங்கல்ல, எத்தனை கிராம்?"

"தொண்ணூத்தாறு. முதல் நாளே தனியா நிறுத்து வச்சுட்டேனே."

"அது பழைய துண்டு. செவ்வாக்கிழமைலேர்ந்து வேற துண்டு அண்ணி. குளிருதேன்னு நான்தான் மாத்துனேன். இப்ப நிறுத்துப் பாத்தேன். நூத்தி எழுபது."

அண்ணியின் தலைக்குள் கணக்கு தானாக ஓடியது. நூற்றெழுபதில் தொண்ணூற்றாறு போக எழுபத்து நாலு. எண்ணூற்றுப் பன்னிரண்டில் எழுபத்து நாலு போனால்...

கூடவே இல்லை. ஒரு நாளும் கூடவே இல்லை. நாலு நாளாக மதியச் சாப்பாட்டை வேறு நிறுத்தி வைத்திருக்கிறாள்.

"மாத்துனா நோட்டுல ஒரு வரி எழுத மாட்டியா?"

"துண்டு மாத்துறதையெல்லாமா எழுதுவாங்க?"

"சிரிஞ்ச ரெண்டு தரம் கழுவுனத எழுதத் தெரிஞ்சுச்சுல்ல!"

"நீங்க கேட்டீங்க, எழுதுனேன்! துண்ட எங்க கேட்டீங்க? வாயத் தொறந்துதான் எதையும் கேக்குறதில்லையே!"

சுமை இறக்குபவர் மரியாதையாக வெளியே போய் நின்றுகொண்டார்.

"எழுநூத்தி முப்பத்தெட்டு," என்றாள் அண்ணி. குரல் இறங்கிவிட்டது. "சின்னு, எழுநூத்தி முப்பத்தெட்டுடி."

"தெரியும் அண்ணி. கூடைல வச்சுட்டுதான் ஃபோன் பண்றேன். கெளம்பிட்டேன்."

"நேரா டாக்டர்கிட்ட போ. நானும் வந்துடுறேன்."

*

டாக்டர் வீட்டு முன்னறையில், காதில் கட்டுப் போட்ட ஒரு பெரிய நாயும், அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவரும் இருந்தார்கள். சின்னவள் எதிர்ப் பெஞ்சில் கூடையை மடியில் வைத்திருந்தாள். அண்ணி மூச்சிரைக்க வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் இன்னும் ஓர் ஆள் உட்காரலாம்.

பெரியவர் எட்டிப் பார்த்தார். "இது எலியாம்மா, முயலா?"

"ரெண்டும் இல்ல. எங்க வீட்டு ஆளு," என்றாள் சின்னவள். "வருத்தம் வந்தா வாயத் தொறக்காது, சாப்பிடாது."

அண்ணி கூடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே டாக்டரம்மா விசிலின் வாய்க்குள் சின்ன டார்ச் அடித்துப் பார்த்தார். பல் சரியாக இருந்தது. பிறகு வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் திறக்கவில்லை.

"குடல் ஓடுற சத்தமே கேக்கல," என்றார். பிறகு, "இருங்க... ஒன்னு. ம். ஒன்னே ஒன்னு. முழுசா நிக்கல. மதிய வேளைய ஏன் நிறுத்துனீங்க?"

"நாப்பது கிராமுக்கு மேல கூடினா நிறுத்தலாம்னு சொன்னீங்க."

"கூடுச்சா?"

"துண்டு கூடுச்சு டாக்டர்," என்றாள் அண்ணி.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. தோலுக்கு அடியில் உப்புநீர் ஏற்றினார். குடலை முடுக்கிவிட ஓர் ஊசி போட்டார். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஊட்ட வேண்டும், இரவிலும் விடக் கூடாது என்றார். நாளைக் காலைக்குள் புழுக்கை ஒழுங்காகப் போக வேண்டும்.

"போகலைன்னா?" என்று சின்னவள் கேட்டாள்.

"போக வைங்க." டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டார். "இதுக்கு ஜோடி ஒன்னு இருந்துச்சே, செத்துப்போச்சுன்னு சொன்னீங்க. செத்தத இதுக்குக் காட்டுனீங்களா?"

சின்னவள் இல்லை என்று தலையசைத்தாள்.

"காட்டணும். பக்கத்துல விட்டு மோந்து பாக்க விடணும். பாத்துட்டா அதுக்குப் புரிஞ்சுடும். இல்லைன்னா எங்கேயோ போயிருக்குன்னு தேடிக்கிட்டே இருக்கும். சாப்பாடு எறங்காது. அவசரமா எடுத்துட்டீங்களா?"

சின்னவளின் காது மடல் சிவந்தது. கூடையின் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது நாளாக அண்ணி வாயில் வைத்திருந்த கேள்வியை டாக்டர் கேட்டுவிட்டார். அண்ணி 'கேளுங்க, நல்லாக் கேளுங்க' என்று சொன்னால் போதும்.

"எங்களுக்குத் தெரியாது டாக்டர்," என்றாள் அண்ணி. "நாங்கதான் எடுத்துட்டோம்."

சின்னவள் தலை நிமிர்ந்தாள். அண்ணி மருந்துச் சீட்டை நாலாக மடித்துக்கொண்டிருந்தாள்.

"சரி, போனது போகட்டும். தனியா விட்டுட்டுப் போயிடாதீங்க. இது கூட்டமா இருந்து மேயுற ஜாதி. பக்கத்துல யாராவது மெல்லுற சத்தம் கேட்டாதான் இதுக்கும் பசி வரும். நீங்க ரெண்டு பேரும் அதுகிட்ட உக்காந்து சாப்பிடுங்க."

"சேர்ந்தா?" என்று சின்னவளுக்குத் தன்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

"தனித்தனியா சாப்பிட்டா சத்தம் பாதிதானே வரும்?" என்றார் டாக்டரம்மா.

*

ஆட்டோவில் கூடை நடுவில் இருந்தது.

"வாய் தெறந்து கெடந்துச்சு அண்ணி." சின்னவள் வெளியே பார்த்தபடி சொன்னாள். "உருண்டை. கண்ணும் தெறந்து. மூடிப் பாத்தேன், முடியல. நீங்க வந்து அந்த மூஞ்சியப் பாக்க வேண்டாம்னு..."

"வெயிலுன்னு சொன்னியே."

"வேற என்னத்தச் சொல்றது."

ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. இருவர் கையும் ஒரே நேரத்தில் கூடையைப் பிடித்தது.

"எதுல சுத்தி வச்சே?"

"என்னோட புது தலையணை உறைல."

அண்ணி எதிரே வந்த வண்டிகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மூக்கை மட்டும் ஒருமுறை உறிஞ்சினாள்.

வீட்டுக்கு வந்ததும் சின்னவள் சலவைப் பிரிவுக்கு ஃபோன் செய்து, ஏழு மணிக்கு வருகிறேன் என்றாள். அண்ணி புல்மாவை வெதுவெதுப்பான நீரில் கரைத்தாள். சின்னவள் பிடித்துக்கொள்ள, அண்ணி ஊசியில்லாத சிரிஞ்சை விசிலின் முன்பற்களுக்குப் பின்னால், கடைவாய்ப் பக்கமாக நுழைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டாள். அது மென்று விழுங்கியதும் அடுத்தது. முதல் சிரிஞ்சுக்குப் பதினோரு நிமிஷம் ஆயிற்று. இரண்டாவதில் பாதி, அண்ணியின் உள்ளங்கையில் வழிந்தது.

"அவசரப்படாதீங்க, மூச்சுல ஏறிடும்."

"நீ தலைய ஆட்ட விடாம பிடி."

"நான் பிடிச்சாச்சு. உங்க கைதான் ஆடுது."

அண்ணி மணிக்கட்டை மேஜை விளிம்பில் ஊன்றிக்கொண்டாள்.

பிறகு இருவரும் கூண்டின் இரண்டு பக்கமும் தரையில் உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு வெள்ளரிக்காய்.

"நல்லா சத்தமா மெல்லுங்க அண்ணி. நீங்க பாட்டுக்கு ஆபீஸ்ல மெல்லுற மாதிரி மெல்லுறீங்க."

"உன்ன மாதிரி மெல்ல எனக்கு வராது. கிடங்குல மிஷின் ஓடுற மாதிரி இருக்கு."

"அதான் வேணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

கறுக், கறுக். அந்த வீட்டில் இருவரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று அண்ணி எண்ணிப் பார்க்க முயன்றாள். ஷிஃப்ட் வேறு வேறு, பசி வேறு வேறு நேரம். ஒருத்தி சாப்பிட்ட தட்டு காய்வதற்குள் இன்னொருத்தி தட்டு வந்து சேராது. ஒன்பது நாளாகத்தான் பேச்சு இல்லை என்று இருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

விசில் அசையவில்லை. காதுகள் மட்டும் ஒருமுறை சின்னவள் பக்கம் திரும்பின, பிறகு அண்ணி பக்கம்.

நாலு மணிக்கு இன்னொரு வேளை ஊட்டினார்கள். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, துண்டை மாற்றிய சின்னவள் கத்தினாள்.

"அண்ணி! ரெண்டு!"

உள்ளங்கையில் ஏந்திக் காட்டினாள். சின்னச் சின்னதாக இரண்டு புழுக்கை. காயாதவை. உலகத்தில் இதைப் பார்த்து இரண்டு பெண்பிள்ளைகள் கண் கலங்குவார்கள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

"ரெண்டு வந்தாப் போதாது," என்றாள் அண்ணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "காலை வரைக்கும் பாக்கணும். பத்து மணி வரைக்கும் நான் பாத்துக்குறேன். நீ வந்ததும் பன்னெண்டு மணி வேளை."

"ரெண்டு மணி வேளையும் எனக்கே. நீங்க காலைல எந்திரிக்கணும்."

கூண்டின் மேல் நோட்டுப் புத்தகம் இருந்தது. இருவரும் அதை எடுக்கவில்லை.

*

ஐந்தேகாலுக்கு அண்ணி பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தாள். 'விசில் தேறி வருகிறது' என்ற வரியில் கண் நின்றது. அதற்கு மேலே இருந்த வரியையும், கீழே இருந்த வரியையும் படித்தாள். பிறகு தாளை நீளவாக்கில் கிழித்தாள்.

புதுத் தாள். தேதி. மடியில் விசில் இருந்ததால் எழுத்து கொஞ்சம் கோணியது.

'உருண்டை செத்து இன்றோடு ஒன்பது நாள். உங்களிடம் சொல்லாதது என் தப்பு. விசிலின் எடை 738. பிழைக்குமா என்று நாளைக் காலை தெரியும். நான் சௌக்கியம் என்று இத்தனை வருஷமாக எழுதியதையெல்லாம் நீங்கள் நம்பியிருப்பீர்கள். நம்பும்படிதான் எழுதினேன். மாலை நாலு இருபதுக்கு வீட்டுக்கு வந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒப்பந்தத்தை நீட்டிக்க வேண்டாம். இது உங்கள் இஷ்டம் இல்லை, என் இஷ்டம்.'

இரண்டாவது தாளையும் எடுத்தாள். அதில் எழுத வெகுநேரம் பிடித்தது.

சின்னவள் வேலைக்குக் கிளம்பித் தயாராக வந்து நின்றாள். "அண்ணனுக்கா? குடுங்க, போற வழிதான். ஆறு மணிக்குப் பை கட்டிடுவாங்க."

"இரு."

"ரெண்டு தாளா? எப்பவும் ஒன்னுதானே எழுதுவீங்க." குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள். "என்னப் பத்தி ஏதாவது எழுதுனீங்களா?"

"எழுதினேன்."

"என்னன்னு?"

அண்ணி தாள்களை மடித்து உறைக்குள் நுழைத்தாள். ஓரத்தில் பசையைத் தடவி, மேஜையில் வைத்து முஷ்டியால் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை அழுத்தினாள்.

"ஒட்டியாச்சு. ஓடு, நேரமாச்சு."

சின்னவள் தெருவில் வேகமாக நடந்தாள். அண்ணன் வந்துவிட்டால் அந்த வீட்டில் தன் இடம் எது என்று ஒரு நாளும் அவள் யோசித்ததில்லை. இன்று யோசித்தாள். வெளிச்சத்துக்கு நேராக உறையைத் தூக்கிப் பார்த்தாள். கெட்டிக் காகிதம், ஓர் எழுத்தும் தெரியவில்லை. பசை இன்னும் ஈரமாகத்தான் இருக்கும். நகத்தை விட்டால் கிளம்பிவிடும். விரலை மடக்கிக்கொண்டு நடந்தாள்.

கப்பல் கம்பெனி ஆபீசில் குமாஸ்தா பையின் கயிற்றைக் கையில் எடுத்துவிட்டிருந்தார்.

"இன்னும் இருக்கா?"

"இது ஒன்னுதான்," என்றாள் சின்னவள்.

அவர் முத்திரை குத்தி உறையைப் பைக்குள் போட்டு, வாயைச் சுருக்கி, முடிச்சுப் போட்டு, அதன் மேல் அரக்கை உருக்கிவிட்டார்.